டீச்சரம்மா வீட்டு பாப்பி

காலையில் நட்ட நாற்று சாயங்காலமே தலை தொங்கிவிட்டது. மறுநாள் இலையெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், இங்கே ஏதாவது நட்டோமா என்று சந்தேகம் வருகிற மாதிரி பாத்தி வெறுமையாக இருந்தது.

42 நாற்று. ஒன்றுகூடத் தங்கவில்லை.

டீச்சரம்மாவுக்கு இது சாதாரண வருத்தம் இல்லை, அவமானம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய அந்தச் சிற்றூரில், அவர் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்பார்கள். கத்தரி, மிளகாய், சாமந்தி, கேந்தி என்று எந்த நாற்று வேண்டுமானாலும் அவர் வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். போளூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாற்றங்காலில் இறங்கி, வேரைக் கழுவி, முடிச்சு போட்டுக் கொடுத்து வளர்ந்தவர். நெல்லோ கேழ்வரகோ, பிடுங்கி நட்டால்தான் பயிர் தூர் கட்டும் என்பது அவருக்கு அ, ஆ மாதிரி.

அந்தப் பாடம் பாப்பியிடம் பலிக்கவில்லை.

1987-ல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை கிடைத்து மலையேறியபோது அவருக்கு வயது 25. ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விடலாம் என்றுதான் வந்தார். ஆனால் கணவருக்குக் காவலூர் வானாய்வகத்தில் வேலை. அங்கே வைணு பாப்பு பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் வேலை மலையில்தான் என்றான பிறகு மாற்றல் மனு எழுதப்படவே இல்லை. 33 வருடம் இங்கேயே ஓடிப்போனது. ஓய்வு பெற்று இரண்டாவது வருடத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். மகன் அம்பத்தூரில், நாலாவது மாடியில்.

பாப்பி வந்தது மகள் வழியாக. 2023 ஜூனில் ஒருநாள், டியூட்டி முடிந்து போகிற வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு வீடியோ கால் போட்டாள். "அம்மா, இதைப் பாரேன்!" கோதுமை வயல் ஓரம் முழுக்க ரத்தச் சிவப்பு. யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது என்றாள். காற்றில் அந்தப் பூக்கள் ஆடியது, துவைத்த சிவப்புத் துணியைக் கிழித்து வயலில் இறைத்த மாதிரி இருந்ததாம். டீச்சரம்மாவே சொன்னது.

"விதை எடுத்துக்கிட்டு வரட்டாமா? ஒரு கவர்தானே, பெட்டியில போட்டுக்கிட்டா தெரியாது."

"வேணாம்டி. பெட்டியில விதையைப் போட்டுக்கிட்டு வர்றது தப்பு. அங்க இருக்கிற பூச்சியும் நோயும் சேர்ந்து வந்துடும்."

முன்னாள் ஆசிரியைக்குச் சட்டம் தெரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து விதையோ செடியோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்நாட்டு வேளாண் துறையின் நோயின்மைச் சான்றும் வேண்டும். 2003-ல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத்தான் சொல்கிறது.

ஆனால் ஆசை அடங்கவில்லை. 'பாப்பின்னா கசகசாதானே, நம்ம அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கே' என்று ஒரு யோசனை வந்தது. குருமாவுக்கு வைத்திருந்ததில் ஒரு சிட்டிகையை எடுத்து, வாசல் தொட்டியில் தூவினார். பத்தே நாளில் பச்சைப் பசேலென்று முளைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அப்படிக் காட்டியதில், லீவுக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவன் ஒருவனும் இருந்தான். இப்போது போலீஸ் கான்ஸ்டபிள். தொட்டியைப் பார்த்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டீச்சர், இதை இப்பவே பிடுங்கிடுங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க."

"ஏன்டா? சமையலுக்குப் போடறதுதானே?"

"போடலாம் டீச்சர். வளர்க்கத்தான் கூடாது. இதுதான் அபின் செடி."

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. கசகசா விதையை வாங்குவதும் அரைத்துக் குழம்பில் விடுவதும் நம் நாட்டில் குற்றம் இல்லை. அந்த விதையை மண்ணில் போட்டால் கதை மாறிவிடும். 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அபின் கசகசா வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். ஒரு தொட்டி, அலங்காரத்துக்குத்தான் என்பதெல்லாம் சட்டத்தில் சொல்லப்பட்ட விதிவிலக்கு இல்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும், மத்தியப் போதைப் பொருள் பிரிவு அளந்து கொடுக்கும் நிலத்தில் விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். மருந்துக்கான அந்த அபின் காஜிப்பூர், நீமச் அரசு ஆலைகளுக்குப் போகிறது. இன்னொன்று: துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற பிள்ளைகளுக்கு மசாலாப் பொட்டலம் கட்டும்போது கசகசாவைக் கட்டாதீர்கள். அங்கே அந்த விதையைக் கொண்டுபோவதே குற்றம்.

டீச்சரம்மா அன்று ராத்திரியே தொட்டியைக் கவிழ்த்தார். 33 வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்த கை, வாசலில் அபின் செடி வளர்த்திருக்கிறது! இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் காட்டியது இந்தச் செடி இல்லை என்பது பிறகுதான் தெளிந்தது. அது வயல் பாப்பி, வேறு இனம். அபின் செடியின் இலை சாம்பல் பூத்த பச்சையில், வழவழவென்று அகலமாக, தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும். வயல் பாப்பியின் இலை நல்ல பச்சை, ஆழமாக வெட்டுப்பட்டது, தண்டெல்லாம் சொரசொரவென்று முடி. அதில் அபினும் கிடையாது. குளிர்காலத்துப் பூச்செடிகளோடு சேர்த்து இதன் தோட்ட வகையை 'ஷெர்லி' என்ற பெயரில் விற்பார்கள். பெங்களூருக்குப் போன ஒருவரிடம் சொல்லி, விதைக் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கிவரச் சொன்னார்.

அந்த ஷெர்லிக்கு ஒரு கதை உண்டு. லண்டன் பக்கத்தில் ஷெர்லி என்ற ஊரில் வில்லியம் வில்க்ஸ் என்றொரு பாதிரியார். 1880 வாக்கில், அவர் தோட்டம் வயலைத் தொடுகிற மூலையில் பாப்பி புதராக முளைத்துக் கிடந்தது. அதில் ஒரே ஒரு பூவின் ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கரை. அந்தப் பூவின் விதையை மட்டும் சேர்த்து வைத்து விதைத்தார். முளைத்ததில் நல்லதைத் தேர்ந்தெடுத்து மறுபடி விதைத்தார். வருடக் கணக்கில் இதே வேலைதான். வெள்ளை, ரோஜா, இளஞ்சிவப்பு, சிவப்பில் வெள்ளைக் கரை என்று இன்று பாக்கெட்டில் வருவதெல்லாம் அந்த ஒரு பூவின் வம்சம். பெரிய பண்ணையோ ஆராய்ச்சிக்கூடமோ இல்லை, வீட்டுத் தோட்டத்து மூலை.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் மழையில், பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்து டீச்சரம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. விழுந்த இடத்தில் அரை மணி நேரம் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆயா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தபோது பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் கையைப் பிடித்துக்கொண்டு திருவண்ணாமலை போய்க் கட்டுப் போட்டார்கள். ராத்திரி வந்து சேர்ந்த மகன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான்.

"பொங்கலுக்குள்ள அம்பத்தூர் வந்துடும்மா. அடுத்த தடவை ஆயா அந்தப் பக்கம் வரலைன்னா என்ன பண்ணுவ?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அவன் சொன்னதில் தப்பில்லை. டீச்சரம்மா சரி என்றார். ஆனால் பாப்பியைப் பால்கனியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கும் போட்டார். இங்கே குளிரில் நாற்று எழுப்பி, கையோடு கொண்டுபோய்த் தொட்டியில் நட்டுவிட்டால் போயிற்று!

ஐப்பசியில் கட்டுப் பிரித்ததும், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதை போட்டார். விதை என்றால் தூசி மாதிரி. மூச்சு விட்டால் பறந்துவிடும். இரண்டு வாரத்தில் முளைத்தது. நாலு இலை வந்ததும், சோதனையாக 42 நாற்றை எடுத்து வாசல் பாத்தியில் நட்டார். அதன் கதைதான் முதலில் சொன்னது.

அந்த மூன்றாம் நாள் காலையில் வெறும் பாத்தியின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது ஆயா வந்தார். மலையாளி இனத்து மூதாட்டி. மேட்டுக் கொல்லையில் சாமையும், கீழே கொஞ்சம் கேழ்வரகும் போட்டிருப்பவர்.

"இன்னா டீச்சரம்மா, எழவு வூட்ல குந்திக்கினு இருக்கிற மாதிரி?"

"நட்ட நாத்தெல்லாம் போச்சு ஆயா. வேர் கழன்டுகூட வரலை, மண்ணோடதான் எடுத்தேன். அப்படியும் போச்சு."

ஆயா குழித்தட்டில் மிச்சமிருந்த ஒரு செடியைச் சுண்டி எடுத்தார். கீழே ஒரு மயிரிழை வேர், செடியைவிட இரண்டு பங்கு நீளம். அடியில் முட்டி, மடங்கி, நுனி கருகியிருந்தது.

"இது சாமை சாதி டீச்சரம்மா. சாமையை ஆராவது பிடுங்கி நடுவாங்களா? தூவறது. நெருக்கமா வந்ததைக் கலைச்சு உடறது. எங்க வுழுதோ அங்கதான் அதுக்கு வூடு."

தாவரவியல்படி பார்த்தால் சாமை புல் வகை, சல்லிவேர். பாப்பி ஆணிவேர். இரண்டும் ஒரே சாதி இல்லைதான். ஆனாலும் சொன்ன வைத்தியம் துல்லியம். பாப்பி முளைத்த புதிதில் மேலே வளர்வதைவிடக் கீழே இறங்குவதில்தான் குறியாக இருக்கும். அந்த ஒற்றை வேரின் நுனி ஒடிந்தால், பக்கத்தில் வேறு வேர் விட்டுச் சமாளிக்கிற தெம்பு அந்தக் குஞ்சுச் செடிக்கு இல்லை. நெல் நாற்றின் வேரைப் பாதி அறுத்து நட்டாலும் புது வேர் கற்றையாகக் கிளம்பும். இதற்கு அந்த வித்தை தெரியாது.

டீச்சரம்மா விடவில்லை. ஆசிரியை புத்தி. பாப்பிக்கு நம்ம ஊரில் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு என்று படித்திருந்தார்: பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ, முள் இலை, கிள்ளினால் மஞ்சள் பால். சாலையோரத்தில், தரிசில், சுடுகாட்டு மேட்டில் எங்கும் நிற்கும். இதுவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து இங்கே ஊர்க்காரனாகிவிட்ட செடிதான். இதன் விதை கடுகு மாதிரியே இருக்கும். கடுகு எண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால்தான் 1998-ல் டெல்லியில் ஆயிரக்கணக்கானவர்கள் கைகால் வீங்கிப் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். அப்படியொரு முரட்டுச் செடியாவது பிடுங்கி நட்டால் பிழைக்கிறதா என்று பார்க்க, அடிவாரம் போனபோது இளஞ்செடியாக நாலைத் தோண்டிவந்து நட்டார். இரண்டு நாளில் நாலும் காலி. பாறை இடுக்கில் தண்ணீர் இல்லாமல் நிற்கிற செடிக்கு, இடம் மாற்றினால் மட்டும் தாங்கவில்லை.

சரி, பிடுங்கக் கூடாது. பிடுங்காமலே இடம் மாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது. பழைய செய்தித்தாளை விரல் தடிமனுக்குக் குழலாகச் சுருட்டி, ஆழமாக மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விதை. முளைத்ததில் ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. வேர் அடியைத் தொடும் முன்பு, நாலு இலைப் பருவத்திலேயே, வெயில் சாய்ந்த பிறகு காகிதத்தோடு அப்படியே குழியில் இறக்கிவிட வேண்டும். காகிதம் மண்ணில் மட்கிவிடும். டீச்சரம்மா 12 குழல் செய்தார். பொங்கல் முடிந்து மகன் காரில் ஏறியபோது, பலகாரத் தூக்குக்குப் பதிலாக மடியில் அந்த 12 குழலும் இருந்தன.

அம்பத்தூரில் மூன்று பிழைத்தன. பிறகு அதிலும் இரண்டு போயின. மாசி மாதம், ஒன்று மட்டும் மொட்டு விட்டது.

எட்டு வயதுப் பேரன் தினமும் ஸ்கேல் வைத்து அளந்தான். பாப்பி மொட்டு தலை குனிந்தே இருக்கும். மலர்வதற்கு முன்தினம்தான் நிமிரும். மறுநாள் காலையில் பேரன் பள்ளிக்கூடம் போனதும், மொட்டின் மேல் மூடியிருந்த இரண்டு பச்சை உறையும் தொப்பி மாதிரி கழன்று விழுந்தன. உள்ளே கசங்கிய சிவப்பு. இஸ்திரி போடாத பட்டு மாதிரி மெல்ல விரிந்தது. பதினொரு மணிக்கு முழுப் பூ. டீச்சரம்மா போட்டோ எடுத்தார். பேரன் வரட்டும், நேரில் பார்க்கட்டும் என்று அதை யாருக்கும் அனுப்பவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் பால்கனியில் அடித்தது. மூன்றரைக்குக் காற்று. நாலு மணிக்குப் பையை எறிந்துவிட்டு ஓடிவந்த பிள்ளை பார்த்தது, டைல்ஸ் தரையில் கிடந்த நாலு இதழைத்தான்.

அவன் அழவில்லை. "பரவாயில்ல பாட்டி, போட்டோ காட்டு" என்றான். அதுதான் டீச்சரம்மாவுக்குத் தாங்கவில்லை.

சித்திரை வெயிலைச் சாக்குச் சொல்லி மலைக்குத் திரும்பினார். மகனும் கோடையில் மலைதான் நல்லது என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாக்கெட் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. மண்சட்டியில் சாம்பல் போட்டு அதற்குள் வைத்து எடுத்து வைத்தார்.

2024 ஐப்பசி. முதல் மழை ஓய்ந்த ஒரு வெயில் நாளாகப் பார்த்து, வாசலில் கிழக்கு வெயில் படுகிற இடத்தை ஆயாவும் அவருமாகக் கொத்தினார்கள். எரு போட டீச்சரம்மா கூடையைத் தூக்கினார். ஆயா தடுத்துவிட்டார். "கொழுத்த மண்ணுல எலைதான் வரும்." அதுவும் சரியாகவே இருந்தது. விதை ஒரு பங்குக்கு ஆற்று மணல் பத்துப் பங்கு கலந்து, சாமை தூவுகிற அதே வீச்சில் தூவினார்கள். மேலே மண் மூடவில்லை. பலகையை வைத்து லேசாக அழுத்தியதோடு சரி.

மூடாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. பாப்பி விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். புதைந்தால் பல பத்தாண்டுகூட மண்ணுக்குள் அப்படியே தூங்கும். யாராவது மண்ணைக் கிளறினால் எழுந்துவிடும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்து வயல்களைக் குண்டுகள் உழுது போட்டபோது, புதைகுழிகளைச் சுற்றி இந்தப் பூ சிவப்பாக எழுந்தது அதனால்தான். இன்றும் நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் சட்டையில் காகிதப் பாப்பி குத்திக்கொள்கிறார்கள். மகளின் ஆஸ்பத்திரியிலும் குத்திக்கொள்வார்களாம். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கு மேல். நம் ஊர்ப் பக்கம் சில பழைய கட்டடங்களில், இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று கல்லில் வெட்டியிருக்கும். அடுத்த முறை கண்ணில் பட்டால் நின்று படித்துப் பாருங்கள்.

பாக்கெட்டில் பாதியைத்தான் தூவினார்கள். "வெதையை ஒரேயடியாக் கவுக்கக் கூடாது. வானம் இன்னா பண்ணும்னு ஆருக்குத் தெரியும்" என்று மீதியை ஆயா சட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

வானம் செய்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். இரண்டு நாள் கொட்டிய மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலை சரிந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் புதைந்து போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் பாத்தியைப் பற்றி யாருக்கு நினைப்பு? மகன் அரை மணிக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தான். டவர் கிடைத்தபோது எடுத்தார், கிடைக்காதபோது அவன் அங்கே துடித்தான். மழை விட்டு வெளியே வந்து பார்த்தால், பாத்தியின் பாதி சேறு மூடிக் கிடந்தது. நூற்றுக்கும் மேல் இருந்த செடியில் 17 நின்றன. ஒரு சாண் உயரம்கூட இல்லாத செடி, அந்த மழையில் நின்றது. மேலே ஒன்றும் இல்லை, கீழே இறங்கிய வேர் பிடித்துக்கொண்டது.

தீபம் கழிந்ததும், வெறுமையாகிப்போன பாதியில் மீதி விதையைத் தூவினார்.

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். போகி அன்று காலை, பேரன் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்குப் போனவன் கத்திய கத்தலில் மருமகள் பால் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஐந்து பூ. இரண்டு சிவப்பு, இரண்டு ரோஜா, ஒன்று வெள்ளைக் கரை போட்டது. பனி இன்னும் காயவில்லை. பேரன் மொட்டுகளை எண்ணினான், நிமிர்ந்தது எத்தனை, குனிந்தது எத்தனை என்று தனித்தனியாக. நாளைக்கு மூன்று மலரும் என்று அறிவித்தான். மறுநாள் நாலு மலர்ந்தது. பூ ஒவ்வொன்றும் ஒரு நாளோ இரண்டு நாளோதான். ஆனால் உதிர்ந்ததைக் கிள்ளிவிட்டால், செடி விடாமல் மொட்டு வைத்துக்கொண்டே இருக்கும். அந்த நாலு நாளும் கிள்ளுகிற வேலை அவனுடையது. பூவில் தேன் கிடையாது. ஆனாலும் மகரந்தத்துக்காகத் தேனீக்கள் உள்ளே விழுந்து புரண்டு, கறுப்பாகப் பூசிக்கொண்டு வெளியே வந்தன. அதையும் எண்ணினான்.

காணும் பொங்கல் அன்று மகன் பாத்தி ஓரம் வந்து நின்றான்.

"பிடுங்கி நட்டா செத்துடும்னு இந்தச் செடியை வெச்சு எனக்குப் பதில் சொல்றியாம்மா?"

"நான் என்ன பாப்பியாடா? என்னை 25 வயசுல போளூர்ல பிடுங்கி இங்க நட்டாங்க. பிடிச்சுக்கலையா? நான் கேழ்வரகு. எங்க நட்டாலும் வருவேன்."

"அப்போ வா."

"வர்றதில ஒண்ணுமில்ல. வந்து, நாலாவது மாடியில காலையில எழுந்து எதைப் பார்க்கிறதுன்னு சொல்லு."

மருமகள் குறுக்கே வந்தாள். "அத்தை விழுந்தது மழையிலதானே? மழைக்கு அங்க இருக்கட்டும், பனிக்கு இங்க இருக்கட்டும்."

இரண்டு வருடமாக அம்மாவும் மகனும் இழுத்துக்கொண்டிருந்ததை, அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஒரே வாக்கியத்தில் முடித்தாள். ஆனி பிறந்ததும் அம்பத்தூர், ஐப்பசிக்கு முன் மலை. பின்கட்டுப் பாசியைச் சுரண்டிச் சொரசொரப்பான கல் பதிப்பது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுவது, தினமும் காலை ஏழு மணிக்கு ஆயா ஒரு குரல் கொடுப்பது. மகன் முழு மனதோடு ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் கல் பதிக்க ஆள் பார்த்துவிட்டுத்தான் போனான்.

பங்குனியில் காய்கள் முற்றின. பாப்பிக் காய் மிளகுத்தூள் டப்பா மாதிரி. மேலே ஒரு தட்டை மூடி, அதன் அடியில் சுற்றிலும் பொடிப் பொடி ஓட்டை. காற்றில் ஆடும்போது விதையைத் தானே தூவிக்கொள்ளும். அதற்கு முன்பு, காய் பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும் பருவத்தில் தலையைக் கிள்ளிக் காகிதப் பையில் கவிழ்க்க வேண்டும். டீச்சரம்மா ஒரு பையில் பேரனுக்குப் பிடித்த வெள்ளைக் கரைச் செடியின் விதையை மட்டும் தனியாக எடுத்து, மேலே 'பங்குனி 2025' என்று எழுதினார். வில்க்ஸ் பாதிரியார் செய்த அதே வேலை.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திங்க ஒதவாத பூவுக்கு இத்தனை பாடா என்று ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"எனக்கும் ஒரு சிட்டிகை குடு டீச்சரம்மா. சாமைக் கொல்லையில ஓரமாத் தூவிப் பாக்கறேன்."

"கொல்லையில வேணாம் ஆயா. அந்த ஊர்ல கோதுமைக்கு இது களை. ஒருதரம் எறங்கிடுச்சுன்னா, உன் பேத்தி காலம் வரைக்கும் களை எடுக்கணும். வாசல்ல தூவு."

ஆயா முந்தானையில் விதையை முடிந்துகொண்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார்.

"வாசல்ல கோழி கீதே!"